காரைக்குடியில் பிரெஞ்சுத் திரைப்பட விழா: தேர்வில் சிறப்பு, திரையிடலில் குறை

ஊர் ஊராகச் சென்று படம் காட்டும் பிரெஞ்சுத் திரைப்பட விழா ஒன்று இவ்வாண்டு காரைக்குடிக்கும் வந்து, ஒரு வார இறுதி முழுவதும் கல்லூரி அரங்கு ஒன்றில் நடந்தது. 2015 முதல் 2023 வரை வெளியான ஆறு படங்களைத் திரையிட்டார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. முன்கூட்டிப் பெயரைப் பதிவு செய்தால் போதும். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்ததால் மாலைக் காட்சிகளில் அரங்கு நிரம்பியே இருந்தது. இப்படிப்பட்ட படங்களுக்காகச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பயணப்பட வேண்டியிருந்தவர்களுக்கு இது பெரிய உதவி; அதற்காக அமைப்பாளர்களுக்கு மனமார நன்றி சொல்ல வேண்டும். படத் தேர்வில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த படங்களை அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் விழா பல இடங்களில் தவறிவிட்டது. இனி வரும் ஊர்களிலாவது அது சரியாக வேண்டும் என்பதால் இரண்டையுமே விரிவாக எழுதுகிறேன்.

தொடக்கப் படம், ஆங்கிலத்தில் ‘த டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’ என்று அறியப்படுவது. 2023ஆம் ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதை இதற்காகப் பெற்ற ட்ரான் ஆன் ஹுங், 1962இல் வியட்நாமில் பிறந்து, சிறு வயதிலேயே பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோன் நகருக்குக் கொண்டுவிற்கப் போய், அங்கே முருகனுக்குக் கோயிலும் எழுப்பிய குடும்பங்கள் வாழும் பகுதி இது என்பதால், இயக்குநரை அறிமுகப்படுத்தியவர் அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தத் தொடர்பைப் பற்றி அறிமுகத்தில் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கிறது. உணவை ஒரு கலையாகவே மதித்து வாழும் தோதன் என்னும் செல்வந்தர், அவர் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சமைக்கும் யூஜெனி என்னும் பெண் ஆகிய இருவருக்கும் இடையிலான அன்புதான் படம். அவர் மணம் செய்துகொள்ளும்படி பலமுறை கேட்கிறார். அவள் பிடிகொடுக்காமல் இருக்கிறாள். யூஜெனியாக ஜூலியட் பினோஷும் தோதனாகப் பெனுவா மஜிமெலும் நடித்திருக்கிறார்கள். இவ்வளவுதான் கதை என்று சொன்னால் படத்துக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். ஏனென்றால் விடியற்காலையில் தோட்டத்தில் கிழங்கு பிடுங்குவதில் தொடங்கி, விருந்தினர் உண்டு முடிக்கும் வரையிலான முதல் சமையல் காட்சியே அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. பின்னணி இசை இல்லை. செம்புப் பாத்திரங்கள் உரசும் ஒலி, வெண்ணெய் பொரியும் ஒலி, கல் தரையில் காலணி நடக்கும் ஒலி, வெளியே பறவைகள்; அவ்வளவுதான். கேமரா அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஓய்வில்லாமல் நகர்கிறது. ஒருவர் கையிலிருந்து பாத்திரம் அடுத்தவர் கைக்கு மாறும்போது அதுவும் கூடவே போகிறது. யாரும் யாருக்கும் கட்டளை இடுவதில்லை. பால் எப்போது ஊற்ற வேண்டும், கன்றுக்குட்டி இறைச்சியை எப்போது அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். இந்தச் சமையலுக்கு ஆலோசகராக இருந்தவர் பியேர் கான்யேர் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல் கலைஞர்; ஒரு சிறு வேடத்திலும் அவர் வருகிறார்.

இந்த முதல் காட்சிக்குள்ளேயே ஓர் இடம் வருகிறது. சமையலறை உதவிப் பெண்ணோடு வந்திருக்கும் சிறுமி பொலீனுக்குத் தோதன் ஒரு கரண்டிக் குழம்பைக் கொடுத்து, இதில் என்னவெல்லாம் இருக்கிறது, சொல் என்கிறார். அவள் வாயில் வைத்துவிட்டு, அவசரப்படாமல் ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். தோதன் பாராட்டவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓர் அறிவு அடுத்த தலைமுறைக்குக் கைமாறப் போகிறது என்பதை இயக்குநர் அந்தப் பார்வையிலேயே சொல்லிவிடுகிறார். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாதவர், “கை போற போக்கைப் பாருங்க, அந்த அம்மா நெசமாவே அடுப்படியில நின்னவுகதான்” என்று மெல்லிய குரலில் சொன்னார். அவரால் சப்டைட்டிலைப் படிக்க முடியவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. விருந்தினர்கள் யூஜெனியிடம், நீங்கள் ஏன் எங்களுடன் அமர்ந்து சாப்பிடுவதில்லை என்று கேட்க, நீங்கள் உண்ணும் பதார்த்தங்களின் வழியாக நான் உங்களுடன் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்ற பொருளில் அவள் பதில் சொல்லும் இடத்தில் மட்டும், பின்வரிசை மாணவி ஒருத்தி அவருக்குத் தமிழில் சொன்னாள். ஆச்சி தலையை அசைத்துக்கொண்டார்.

இத்தகைய படத்தின் நடுவே இடைவேளை விட்டார்கள். தோதன், யூஜெனிக்காகத் தானே சமைக்கத் தொடங்கும் காட்சி வருகிறது. படத்தின் உயிர்நாடி அதுதான். இருபது ஆண்டுகளாகப் பரிமாறப்பட்டவர் முதன்முறையாகப் பரிமாறப் போகிறார். அந்த இடத்தில் திரையை அணைத்து, விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். இந்தப் படங்கள் இடைவேளையை எண்ணி எடுக்கப்பட்டவை அல்ல. இரண்டேகால் மணி நேரம் உட்காருவது முதியவர்களுக்குச் சிரமம் என்பது உண்மைதான். ஆனால் இடைவேளை கட்டாயம் என்றால், படத்தை முன்பே பார்த்து, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வதில் என்ன சிரமம்? ஆறு படங்களையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

அரங்கத்தின் குறைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கூட்டங்களுக்காகக் கட்டப்பட்ட அரங்கு. தரை சமமாக இருக்கிறது. திரையும் தாழ்வாகக் கட்டப்பட்டிருந்ததால், இரண்டு வரியாக வந்த சப்டைட்டிலில் கீழ் வரி, ஐந்தாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் தலைக்குள் மறைந்துபோனது. திரையை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் தீர்ந்துவிடும் இதைக் கடைசிவரை யாரும் செய்யவில்லை. பிற்பகல் காட்சிகளில் மேற்குப் பக்கத்துச் சன்னல்களின் திரைச்சீலை இடுக்குகளில் வெயில் புகுந்து, இருட்டான காட்சிகளை வெளிறச் செய்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒலி. இன்றைய திரைப்பட ஒலிக்கலவையில் பேச்சு பெரும்பாலும் திரைக்கு நடுவிலுள்ள ஒலிபெருக்கி வழியாக வருகிறது. இந்த அரங்கில் இரு ஓரங்களிலும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள் மட்டுமே இருந்தன. அதற்கேற்ப ஒலியைக் கலந்து அனுப்பவில்லை போலும். கதவு சாத்தும் சத்தம் அதிர, பேசும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

இந்தக் குறை எந்த அளவுக்குக் கெடுதல் செய்யும் என்பது ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ படத்தில் வெளிப்பட்டது. ஜஸ்டின் த்ரியே இயக்கி, 2023இல் கான் விழாவின் தலையாய விருதான தங்கப் பனையை வென்ற படம் இது. அவ்விருதைப் பெற்ற மூன்றாவது பெண் இயக்குநர் அவர். அடுத்த ஆண்டு சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதும் இதற்குக் கிடைத்தது. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியிலிருந்து விழுந்து ஒருவர் இறந்துகிடக்கிறார். தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா, எழுத்தாளரான மனைவி சாண்ட்ரா தள்ளிவிட்டாரா என்பதை நீதிமன்றம் விசாரிக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள பதினொரு வயது மகன்தான் முக்கியமான சாட்சி. சாண்ட்ரா ஜெர்மானியர், பிரெஞ்சு அவருக்கு முழுதாக வசப்படவில்லை, கணவனும் மனைவியும் இருவருக்கும் பொதுவான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டவர்கள். தன் உயிருக்காகத் தன்னுடையது அல்லாத ஒரு மொழியில் வாதாட வேண்டிய நிலையை சாண்ட்ரா ஹ்யூலர் நடித்திருக்கும் விதம் அசாதாரணமானது.

படத்தின் மையம், இறப்பதற்கு முந்தைய நாள் கணவன் ரகசியமாகப் பதிவு செய்து வைத்த சண்டை. எழுதுவதற்குத் தனக்கு நேரமே மிஞ்சவில்லை என்று அவன் குற்றம் சாட்ட, நேரத்தை நான் உன்னிடமிருந்து பறிக்கவில்லை என்று அவள் எதிர்த்து நிற்க, இருவர் பக்கமும் நியாயம் மாறி மாறிச் சாய்கிறது. முதலில் அதைக் காட்சியாகவே பார்க்கிறோம். பேச்சு முற்றி, அடி விழப்போகும் தருணத்தில் படம் நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு வெறும் ஒலிதான். யார் யாரை அடித்தார் என்பதை நீதிபதியும் நாமும் காதால் மட்டுமே ஊகிக்க வேண்டும். முழுப் படத்தின் வழக்கும் அந்த ஒலியின்மேல் நிற்கிறது. ஆனால் அந்தச் சண்டை ஆங்கிலத்தில் நடப்பதால், இங்கே காட்டிய பிரதியில் அந்தப் பகுதிக்குச் சப்டைட்டிலே இல்லை. பிரெஞ்சு வசனங்களுக்கு மட்டுமே இருந்தது. குரலும் தெளிவாகக் கேட்கவில்லை. அரங்கில் பாதிப் பேர் படத்தின் மிக முக்கியமான பத்து நிமிடங்களை ஊமைப்படமாகப் பார்த்தார்கள். படம் முடிந்து வெளியே வந்த ஆசிரியர் ஒருவர், “அந்தச் சண்டையில அவுக என்ன சொன்னாகன்னு கொஞ்சம் சொல்லுங்க” என்று என்னைக் கேட்டார். வாசலில் நின்று அவருக்கு நான் விவரித்தபோது ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைவாக இல்லை. விழா அவர்களைக் கைவிட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறாக இருந்தது ‘தீபன்’ காட்சி. 2015இல் தங்கப் பனை விருது பெற்ற, ஜாக் ஓதியார் இயக்கிய இந்தப் படம் பெரும்பாலும் தமிழிலேயே பேசுகிறது. போர் முடியும் காலத்தில் இலங்கையைவிட்டுத் தப்புவதற்காக, ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும், இறந்துபோன மூவரின் கடவுச்சீட்டுகளில் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு பிரான்சுக்கு வருகிறார்கள். முன்பு புலிகள் இயக்கத்தில் இருந்த தீபன், பாரிசின் புறநகரில் போதைப்பொருள் கும்பலின் பிடியில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பாளனாகிறான். தீபனாக நடித்திருக்கும் அந்தோனிதாசன் யேசுதாசனை ஷோபாசக்தி என்ற பெயரில் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். அவரே இயக்கத்தில் இருந்து வெளியேறி, பிரான்சில் அகதியாக வாழ்ந்தவர். யாழினியாக வரும் காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். முகத்தில் எதையும் காட்டாத தீபனுக்கு எதிரில், அச்சம், எரிச்சல், ஆசை எல்லாவற்றையும் ஒளிக்காமல் காட்டும் அவருடைய நடிப்பே படத்தைத் தாங்குகிறது என்பது என் கருத்து.

இந்த மூவரும் குடும்பமாக நடிக்கத் தொடங்கி, நடிப்பு எப்போது உண்மையாயிற்று என்று தெரியாமலே குடும்பமாகிவிடுவதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. பிரெஞ்சுக்காரர்களின் வேடிக்கைப் பேச்சில் சொற்கள் புரிந்தாலும் தனக்குச் சிரிப்பு வரவில்லை என்று தீபன் ஓரிடத்தில் சொல்கிறான். அது மொழியால் வந்த குறை இல்லை, தமிழிலும் உனக்கு வேடிக்கை என்றால் என்னவென்று தெரியாது என்கிற தொனியில் யாழினி பதில் தருகிறாள். சப்டைட்டில் திரையில் வந்து சேரும் முன்பே அரங்கு முழுவதும் சிரித்தது. விழாவில் காட்டிய படங்களில், எழுத்தைத் துரத்தாமல் முகங்களைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து அனுபவித்த படம் இது ஒன்றுதான். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தொடக்கத்தில் வரும் முகாம் காட்சிகளின்போது துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். கடைசிப் பகுதியில் படம் துப்பாக்கிச் சண்டையாக மாறுவதும், அதற்குப் பிறகு வரும் இங்கிலாந்துக் காட்சியும் எனக்கு உடன்பாடானவை அல்ல. அதுவரை சிறு சிறு அசைவுகளால் கட்டிய வாழ்க்கையை இயக்குநர் அவசரமாக வேறு ஒரு படத்துக்குள் தள்ளிவிடுகிறார். அப்படியும், நம் மொழியில் பேசும் மனிதர்களை இவ்வளவு கௌரவத்தோடு காட்டிய ஐரோப்பியப் படம் வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

அன்றைய அரங்கைப் பார்த்த எவரும் தமிழில் சப்டைட்டில் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஆங்கிலச் சப்டைட்டிலை ஓடும் வேகத்தில் படிக்கக்கூடியவர்கள் மட்டும்தான் பிரெஞ்சுப் படம் பார்க்கலாம் என்றால், சென்னையில் நடத்துவதற்கும் இங்கே வந்து நடத்துவதற்கும் வேறுபாடு என்ன? ஒரு படத்தின் வசனத்தைத் தமிழாக்கி, நேரம் பொருத்தி, திரைக்குக் கீழே தனியாக ஒளிபரப்புவதற்கு ஒரு மடிக்கணினியும் சிறிய புரொஜெக்டரும் போதும். பிரெஞ்சும் தமிழும் அறிந்தவர்கள் புதுச்சேரியில் நிறையவே இருக்கிறார்கள். ஆறு படங்களுக்கும் முடியாவிட்டால் இரண்டு படங்களுக்குச் செய்யலாம். அதையும் முன்கூட்டியே அறிவித்தால், அவற்றுக்கு வீட்டுப் பெரியவர்களை அழைத்து வர முடியும்.

மற்ற மூன்று படங்களில் என்னை அதிகம் கவர்ந்தது செலீன் சியாமாவின் ‘பெத்தீத் மமான்’. 2021இல் வெளியான இது வெறும் 72 நிமிடப் படம். பாட்டி இறந்தபின் அவர் வீட்டைக் காலி செய்ய அம்மாவோடும் அப்பாவோடும் செல்லும் எட்டு வயது நெல்லி, அருகிலுள்ள காட்டில் குச்சிகளால் குடில் கட்டிக்கொண்டிருக்கும் தன் வயதுச் சிறுமி ஒருத்தியைச் சந்திக்கிறாள். அவள் யார் என்பதை அறியும்போது நெல்லிக்கும் வியப்பில்லை, படத்துக்கும் பரபரப்பில்லை. குழந்தைகள் பெரிய உண்மைகளை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்வார்களோ அப்படியே படமும் ஏற்றுக்கொள்கிறது. இரு சிறுமிகளாகவும் நடித்தவர்கள் உண்மையில் இரட்டைச் சகோதரிகள். பங்காளிகள் கூடி, பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டின் அலமாரிகளைத் திறந்து பொருள் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த நம் பகுதிப் பிள்ளைகளுக்கு, தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்வது என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தது நல்ல முடிவு. குழந்தைகளோடு வந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள்.

லாஜ் லி இயக்கிய ‘லே மிசராப்ல்’, 2019இல் கான் விழாவின் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம். பாரிசின் கிழக்குப் புறநகரான மோன்ஃபெர்மெயில் காவல்துறைக்கும் இளைஞர்களுக்கும் இடையில் மூளும் மோதலைப் பற்றியது. சர்க்கஸிலிருந்து ஒரு சிங்கக்குட்டி திருடுபோவதில் தொடங்கும் சின்னச் சிக்கல், ஓரிரு நாட்களுக்குள் பெரும் தீயாகிறது. ‘தீபன்’ பார்த்த மறுநாள் இதைப் பார்த்தது பயன் தந்தது. அதே வகைக் குடியிருப்புகளை அங்கேயே வளர்ந்த ஒருவரின் கண்ணால் பார்க்க முடிந்தது. பாரிசில் சேன் நதியில் மிதக்கும் மனநல மையத்தைப் பற்றிய நிக்கோலா ஃபிலிபேரின் ஆவணப்படம் ‘ஆன் தி அடாமண்ட்’, 2023இல் பெர்லின் திரைப்பட விழாவின் தலையாய விருதான தங்கக் கரடியைப் பெற்றது. நல்ல படம்தான், ஆனால் வெயில் புகும் பிற்பகலில், சாப்பாட்டுக்குப் பின் அதை வைத்ததால் பாதி அரங்கு காலியாக இருந்தது.

கலந்துரையாடலில் மாணவர் ஒருவர், பெரிய நடிகர், சண்டை, பாட்டு எதுவுமில்லாத இத்தகைய படங்களுக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று கேட்டது நல்ல கேள்வி. விருந்தினராக வந்தவர் அதைக் கடந்து போய்விட்டார். பதில் தெளிவானதுதான். பிரான்சில் விற்கும் ஒவ்வொரு திரையரங்கு டிக்கெட்டிலும் 10.72 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்பட்டு, 1946இல் உருவான தேசியத் திரைப்பட மையத்துக்குச் செல்கிறது. அமெரிக்கப் படத்துக்கு விற்ற டிக்கெட்டும் இதற்கு விலக்கல்ல. தொலைக்காட்சி நிறுவனங்களும் பங்கு செலுத்துகின்றன. அந்தப் பணம் மறுபடி புதிய படங்களுக்கும், திரையரங்குகளுக்கும், பிற நாடுகளோடு கூட்டாக எடுக்கும் படங்களுக்கும் போகிறது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ நடத்தி ‘நாம் இருவர்’ எடுத்த ஊர் இது. படம் எடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இங்கே உள்ளவர்களுக்கு அக்கறை உண்டு. அடுத்த முறை இதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அரங்கு நிறையும்.

பிற ஏற்பாடுகள் நன்றாகவே இருந்தன. வாசலில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் நியாயமான விலைக்குக் கிடைத்தன. குடிநீர் தாராளமாக இருந்தது. பதிவு மேசையில் நின்ற மாணவர்கள் பெரியவர்களைக் கைபிடித்து இருக்கைக்கு அழைத்துச் சென்றார்கள். ஆனால் இரவுக் காட்சி அறிவித்த நேரத்துக்குத் தொடங்காததால் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் படம் முடியும் முன்பே எழ வேண்டியதாயிற்று.

விழா இங்கிருந்து புதுக்கோட்டைக்கும் பிறகு திருச்சிக்கும் செல்வதாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் ‘தீபன்’, ‘த டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’ இரண்டையும் தவறவிடாதீர்கள். முன்னதற்கு வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ‘பெத்தீத் மமான்’ படத்துக்கு எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தயங்காமல் கூட்டிப் போகலாம். ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ பார்க்கப் போகிறவர்கள் நடு வரிசைகளுக்கு முன்னால் இடம் பிடியுங்கள். ஆங்கில வசனங்களுக்கும் சப்டைட்டில் உள்ள பிரதியைப் போடும்படி முன்னதாகவே அமைப்பாளர்களிடம் கேளுங்கள். அப்படி ஒரு பிரதி கிடைக்காவிட்டால், ஒலி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு போவது நல்லது.